காரணம் தெரியாத நோவும் காரணமில்லாத நோவும் ஒன்றல்ல



நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமல் "அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக" என்று மட்டும் கொமென்ட் போட்டுவிட்டுப் போக வேண்டாம். துஆவும் வேண்டும், நீங்கள் வாசிப்பதும் வேண்டும்.

எங்கள் ஊரில் எங்களைப் போல ஒரு கூட்டம் இருக்கிறது. வெளியே பார்த்தால் சுகமானவர்கள்தான். பாடம் எடுப்போம், சமைப்போம், கலியாண வீட்டுக்கும் போவோம். ஆனால் அடிவயிற்றில் ஒரு நோ. அது நாரிக்கு இறங்கும், இடுப்பு எலும்பைச் சுற்றிப் பிடிக்கும், சில நாள் தொடை வரைக்கும் போகும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு பக்கச் சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, திரும்பப் பார்க்கவும் என்று ஒரு வரி இருக்கும். ஒருமுறை சலப் பரிசோதனையில் இரத்தக் கலங்கள் தெரியும், அடுத்தமுறை இராது. கிட்னியில் ஏதோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த "இருக்கலாம்" என்ற சொல்லோடு படுத்து எழும்புகிறவர்கள் நாங்கள்.

ஒரு டீச்சர் தன் சொந்தக் கதையைச் சொல்கிறா என்று இதை எடுக்க வேண்டாம். ஸ்டாப் ரூமிலும், கிளினிக் வாங்கிலும், மையித்து வீட்டுப் பின்விறாந்தையிலும் குரலைத் தாழ்த்திக் கதைக்கிற எல்லோருக்காகவும்தான் "நாங்கள்" என்று எழுதுகிறோம். அதில் அதிகம் பெண்கள். ஆண்களும் இருக்கிறார்கள், அவர்கள் கதைப்பது இன்னும் குறைவு.

எங்களுக்கு ஊர் நான்கு தீர்ப்பு வைத்திருக்கிறது.

ஒன்று, வாயு. "பருப்பைக் குறை, உள்ளி சுட்டுச் சாப்பிடு."

இரண்டு, கல்லு. "சுண்ணாம்புத் தண்ணிதானே குடிக்கிறம், கல்லு வராமல் என்ன வரும்? வாழைத்தண்டுச் சாறு குடி."

மூன்று, கண்ணூறு. "ஓதிப் பார்த்தியா?"

நான்கு, மனசு. "நீ கூட யோசிக்கிறாய். ரெஸ்ட் எடு."

நான்கும் வேறு வேறு தீர்ப்புப் போலத் தெரியும். நான்கும் செய்கிற வேலை ஒன்றுதான்: கதையை முடித்து வைக்கின்றன. அதற்குப் பிறகு யாரும் பரிசோதிக்கத் தேவையில்லை, செலவழிக்கத் தேவையில்லை, எங்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கவும் தேவையில்லை. எங்களுக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

இந்த நாட்டில் "காரணம் தெரியாத" என்று அரசாங்கமே பெயர் வைத்த ஒரு சிறுநீரக நோய் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கங்களில், சலரோகமும் இல்லாத, பிரஷரும் இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாவதை வைத்தியர்கள் கண்டார்கள். வெயிலில் உடல் வற்றுவதா, கிணற்றுத் தண்ணீரின் வன்மையும் புளோரைட்டும் சேர்ந்ததா, விவசாய இரசாயனமா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரியான நோய் இருக்கிறது. காரணம் தெரியவில்லை என்பதற்காக அது பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சி நடந்தது. கிராமம் கிராமமாக இரத்தமும் சலமும் எடுத்துப் பார்த்தார்கள். குடிநீர் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. 2015 இல் கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தார்கள். 2021 இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்களுக்கென்றே தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. அந்த மக்களுக்கும் இவை இலேசில் கிடைக்கவில்லை; பல உயிர்கள் போன பிறகுதான் கிடைத்தன. ஆனாலும் அங்கே "காரணம் தெரியாது" என்ற சொல் தேடலைத் தொடக்கியது.

எங்கள் வீடுகளில் அதே சொல் தேடலை முடிக்கிறது. "எல்லா ரிப்போர்ட்டும் நோர்மல், ஒன்றுமில்லையாம்." ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னாரா, இந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாரா? இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று சாதாரணதர விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

சரி, தண்ணீரைப் பற்றிக் கதைப்போம். எங்கள் குடாநாட்டில் எல்லா வருத்தமும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் எங்களுக்கு ஆறு. மாரி மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது, அதைத்தான் வருடம் முழுக்க அள்ளிக் குடிக்கிறோம். கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால் தண்ணீரில் கல்சியம் அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். இலங்கைக் குடிநீர்த் தரத்தின்படி வன்மை ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். எங்கள் பல கிணறுகள் அதைத் தாண்டியவை.

ஆனால் கேத்திலில் படிகிற மாதிரியே கிட்னியிலும் படிகிறது என்று ஊர் சொல்வது சரியில்லை. சிறுநீரகக் கற்களில் அதிகமானவை கல்சியமும் ஒட்சலேற்றும் சேர்ந்தவை. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் உள்ள கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்து வெளியே கொண்டுபோகவும் செய்யும். வன்தண்ணீர்தான் கல்லுக்குக் காரணம் என்று ஆராய்ச்சிகள் ஒரே குரலில் சொல்லவில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்கிற காரணம் வேறு: போதுமான தண்ணீர் குடிக்காதது, அதனால் சலம் தடிப்பாவது. அதற்கு மேல் உப்பு. கருவாடும் ஊறுகாயும் பொரித்த மிளகாயும் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. அந்த உப்பு சலத்தில் போகிற கல்சியத்தைக் கூட்டுகிறது. "கல்லு வரும், பால் குடிக்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் கருவாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆக, தண்ணீர் சுண்ணாம்பு என்று பயந்து தண்ணீரையே குறைக்கிறவர்கள் கல்லுக்குக் கதவைத் திறந்து விடுகிறார்கள். கல்லு வந்தவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லீற்றர் சலம் போக வேண்டும் என்பது வைத்தியக் கணக்கு. எங்கள் வெயிலுக்கு அதற்கு மூன்று லீற்றருக்குக் கிட்டக் குடிக்க வேண்டி வரும். (ஏற்கனவே சிறுநீரகம் பழுதாகி, அல்லது இருதய வருத்தத்துக்காக, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தங்கள் டொக்டர் சொன்ன அளவையே பார்க்கவும்.)

அப்படியென்றால் எங்கள் தண்ணீர் நல்லதா? அதுவும் இல்லை. ஆனால் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் படிவுக்கு அல்ல.

சுன்னாகத்தை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மணத்தது, கையில் ஒட்டியது. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அடிப்படை உரிமை வழக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனி பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மக்கள் தொடர்ந்து கத்தியதால்தான் அது நடந்தது.

ஆனால் நைத்திரேற்று மணக்காது, மிதக்காது, நிறமும் இல்லை. தோட்டத்துப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் கல்வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வருகிறது. குடாநாட்டுக் கிணறுகளில் அது அதிகம் என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் முதல் ஆபத்து போத்தல் பால் கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். சாதாரண கரி வடிகட்டிக்கும் அது பிடிபடாது.

மலசலகூடக் குழியிலிருந்து நைத்திரேற்று வருகிற கிணற்றுக்குக் கிருமியும் வரலாம். வயிற்றோட்டம் அப்படித்தான் வருகிறது. வயிற்றோட்டத்தில் உடம்பு வற்றினால் அடி விழுவது சிறுநீரகத்துக்கும்தான்.

எங்கள் வட்டாரத்தைப் பாருங்கள். சோனகத்தெருப் பக்கத்தில் 1990க்கு முன் ஒரு குடும்பம் இருந்த வளவில் இன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பங்கு போட்டு மூன்று, நான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி. கிணறு மட்டும் பழையது, ஒன்று. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்று சொல்வது சாதாரண மண்ணுக்கு. வெடிப்புக் கல்லுக்கு அது போதாது. எங்கள் வளவுகளில் அந்த 50 அடியாவது இருக்கிறதா? "உம்மம்மா காலத்திலும் இதே கிணறுதானே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்: கிணறு அதேதான், அதைச் சுற்றியிருப்பது அதே இல்லை. உம்மம்மா காலத்தில் துலாவால் அள்ளினார்கள், இப்போது மோட்டர். அவர்கள் காலத்திலும் "வயிற்றுக்குத்து" என்று படுத்து மௌத்தானவர்கள் உண்டு. என்ன வருத்தம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் இந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்ட சமூகம் நாங்கள். எங்கள் வயதுக்காரர் அதிகம் பேர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முகாம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். கற்பிட்டி மணல் நிலத்தில் செய்கிற மரக்கறித் தோட்டங்களால் அங்கத்தைய கிணறுகளிலும் நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. எங்கள் உடம்புக்கு இரண்டு தண்ணீரின் வரலாறு இருக்கிறது. கிளினிக்கில் "முகவரி?" என்று கேட்கிறார்கள். "எங்கே வளர்ந்தீர்கள், என்ன தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேட்பது மிகக் குறைவு. அவர்கள் கேட்காவிட்டால் நாங்களே சொல்ல வேண்டும்.

எங்கள் ரிப்போர்ட்டுகளும் எங்களைப் போலவேதான். ஒரு கொப்பி புத்தளத்தில், ஒரு கொப்பி யாழ்ப்பாணத்தில், ஸ்கேன் படம் கொழும்பில் சாச்சி வீட்டு அலுமாரியில். ஒவ்வொரு டொக்டரும் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். மூன்று வருடத்துக்கு முந்திய கிரியேற்றினினும் இன்றைய கிரியேற்றினினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும். தனியே ஒரு இலக்கம் அரைக்கதைதான் சொல்லும்.

இனி நோவைப் பற்றி. ஊரில் பெரிய குழப்பமே இங்கேதான்.

சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகும்போது பெரும்பாலும் நோவாது. பாதிக்கு மேல் வேலை குறைந்த பிறகும் ஆள் நடந்து திரிவார். கிரியேற்றினின்கூட அதுவரை "நோர்மல்" எல்லைக்குள் நிற்கலாம். ஆகவே நோ இருக்கிறது என்பதற்காகக் கிட்னி போய்விட்டது என்று பதற வேண்டாம். நோ இல்லை என்பதற்காகக் கிட்னி நல்லது என்று இருக்கவும் வேண்டாம். சலரோகமும் பிரஷரும் உள்ள வாப்பாமார், உம்மாமார் வருடத்துக்கு ஒரு தடவையாவது சலத்தில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேற்றினினும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

கல்லு நோ வேறு. விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கும் கவட்டுக்கும் அலை அலையாக இறங்கும். ஒரு இடத்தில் இருக்க விடாது. சின்னக் கல்லு, 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தது, பெரும்பாலும் தானே போய்விடும். பெரியது போகாது. கல்லு சலக்குழாயில் இறுகி நின்றால் மேலே சிறுநீரகம் வீங்கும். சில நேரம் நோ தணிந்த பிறகும் அடைப்பு இருக்கும். "நோ நின்றுவிட்டது, கல்லு போய்விட்டது" என்று நாங்களே முடிவெடுக்கக் கூடாது. சாதாரண ஸ்கேனில் சலக்குழாய்க் கல்லு தப்பிவிடலாம், சீடி ஸ்கேனில் பிடிபடும். கல்லு நோவோடு காய்ச்சல், நடுக்கம் வந்தால், சலம் போகாமல் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த இரவே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். வாழைத்தண்டுச் சாற்றுக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் அடிவயிறும் நாரியும் நோகிற எல்லாமே கல்லும் இல்லை. முள்ளந்தண்டாக இருக்கலாம், இடுப்பு மூட்டாக இருக்கலாம், சலத்தொற்றாக இருக்கலாம், குடலாக இருக்கலாம். பெண்களுக்குச் சூலகக் கட்டியாக இருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வு போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்கிற வருத்தம் அது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெயர் கண்டுபிடிக்கவே வருடக்கணக்காகும். சிலருக்கு அது சலக்குழாயை வெளியே இருந்து நெரித்து, ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு சிறுநீரகத்தையே இல்லாமல் ஆக்கிவிடும்.

இப்போது கேட்கிறோம். கலியாணம் முடிக்காத பிள்ளைக்கு மாதாமாதம் துடிக்கத் துடிக்க நோ வந்தால், எங்களில் எத்தனை வீட்டில் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறார்கள்? "குமர்ப்பிள்ளை, அங்கே கண்டால் கதை கட்டுவார்கள்." "கலியாணம் முடிந்தால் சரியாகிவிடும்." வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்க்கிற ஸ்கேன் அது. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம், உம்மா பக்கத்தில் நிற்கலாம். மாப்பிள்ளை வீட்டாரின் வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளையின் கிட்னியை அடகு வைக்கிறோம் என்று யாராவது மிம்பரில் சொல்ல வேண்டும்.

அடுத்தது நோ மாத்திரை. "டைக்ளோபெனாக் ரெண்டு தாங்கோ" என்றால் துண்டு கேட்காமல் வெட்டிக் கொடுக்கிற பார்மசிகள் உண்டு. டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. டொக்டர் கணக்குப் பார்த்துச் சில நாளுக்குத் தருவது வேறு. உடம்பு வற்றியிருக்கும்போதும், பிரஷர் மாத்திரையோடும், மாதக்கணக்காக நாங்களே வாங்கி விழுங்குவது வேறு. கிட்னி நோகிறதோ என்ற பயத்தில் கிட்னியைக் கெடுக்கிற மாத்திரையைப் போடுகிற கொடுமை எங்கள் வீடுகளில் தினமும் நடக்கிறது. பெனடோல் இந்தக் கூட்டத்தில் இல்லை, ஆனால் அதையும் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை 8க்கு மேல் போகவிடக் கூடாது, ஈரல் கெடும்.

நாட்டு மருந்துக்கு நாங்கள் எதிரியில்லை. ஆனால் "என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கோபப்படுகிற பரியாரியிடம் போக வேண்டாம். ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை என்கிற செடிகளின் குடும்பத்தில் உள்ள ஒரு அமிலம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், சலக்குழாயில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட விடயம். மூலிகை என்பதால் மட்டும் ஒன்று சாதுவாகிவிடாது.

"மனசுதான்" என்கிற நான்காவது தீர்ப்புக்கு வருவோம். நீண்ட நாள் நோ மனசைக் கெடுக்கும், கெட்ட மனசு நோவைக் கூட்டும். இது உண்மை, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது எல்லாம் பார்த்த பிறகு, இதையும் சேர்த்துப் பார்ப்போம் என்று சொல்ல வேண்டிய விடயம். ஒன்றும் பார்க்காமல் முதல் நாளே சொல்வது வைத்தியமும் இல்லை, அனுதாபமும் இல்லை. ஓபிடியில் ஒரு டொக்டருக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் மேல் கோபமில்லை. கோபம், அந்த இரண்டு நிமிடத்தை வேத வாக்காக எடுத்துக்கொண்டு வீட்டில் "டொக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார், எழும்பிச் சமை" என்று சொல்கிறவர்கள் மேல்.

ஸப்ர் செய் என்கிறார்கள். ஸப்ர் எங்கள் மார்க்கத்தில் உயர்ந்த குணம். ஆனால் அது நோவுள்ளவர் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்வது. நோவில்லாதவர் அடுத்தவரின் வாயை அடைக்கப் பாவிக்கும்போது அது ஸப்ர் இல்லை. மருந்து செய்யச் சொன்ன மார்க்கம்தான் இது.

நோன்பும் அப்படித்தான். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்கக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் கல்லு நோவோடு, வீங்கிய சிறுநீரகத்தோடு, 13 மணித்தியாலத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. "ஊர் என்ன சொல்லும்" என்ற பயம்தான் காரணம். நோன்பு வருமுன் டொக்டரிடமும் மௌலவியிடமும் கேளுங்கள். நோற்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் இப்தாருக்கும் சஹருக்கும் இடையில் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். கஞ்சியையும் பிளேன்டீயையும் மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். நோற்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர், அல்லாஹ் கொடுத்த சலுகையைத்தான் சுளிக்கிறார்.

இனி எங்கள் பள்ளிக்கூடங்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பிள்ளையின் உளவியல் படிப்பித்தார்கள். பிள்ளையின் சலப்பையைப் பற்றி யாரும் படிப்பிக்கவில்லை. காலை ஆறரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுகிற பெண்பிள்ளை இரண்டு மணிக்கு வீடு போகும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். ஏன்? குடித்தால் மலசலகூடம் போக வேண்டும். அங்கே தாழ்ப்பாள் இல்லை, அல்லது தண்ணீர் இல்லை, அல்லது முந்நூறு பேருக்கு நான்கு. பாடநேரத்தில் கேட்டால் "இன்டர்வலுக்குப் போகத் தெரியாதா?" என்று சத்தம் போடுகிற ஆசிரியர்களும் உண்டு. அந்தப் பிள்ளைக்குச் சலக்கடுப்பு வருகிறது, வீட்டில் சொல்ல வெட்கம், தொற்று மேலே ஏறுகிறது. டீச்சர்மாரும் அப்படியே. ஏழு பாடம் நின்று படிப்பித்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் வீடு போகிறோம். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடக் காசு சேர்கிறது. தாழ்ப்பாளுக்குச் சேராதா?

குழாய்த் தண்ணீர் வரும் என்று எத்தனை வருடம் காத்திருந்தோம். இரணைமடு என்றார்கள், கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கே போதாது என்றார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். நல்ல விடயம். ஆனால் குழாய் வந்த பிறகும் "கிணற்றுத் தண்ணிதான் ருசி" என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். அந்த ருசியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பரிசோதித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும், வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர் உறவுகளிடமும் ஐந்து விடயம் கேட்கிறோம்.

1. எங்கள் வட்டாரக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமும், நீர் வழங்கல் சபை ஆய்வுகூடம் மூலமும் செய்யலாம். நைத்திரேற்று, கிருமி, வன்மை, புளோரைட்டு நான்கும். முடிவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும், ஒளிக்க வேண்டாம்.

2. வருடத்துக்கு ஒரு நாள், பெண்களுக்குத் தனி நேரத்தோடு, பிரஷர், சல அல்புமின், சீனி, கிரியேற்றினின் பார்க்கும் முகாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் எழுத்தில் கேட்போம்.

3. ஸகாத்தில் ஒரு பங்கு, தகுதியான நோயாளிகளின் பரிசோதனைக்கும், கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறவர்களின் ஓட்டோக் கூலிக்கும். மருந்து இலவசம் என்றாலும் போக்குவரத்து இலவசமில்லை.

4. பாடசாலைகளில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள மலசலகூடம், கேட்ட உடனே போக அனுமதி, ஒவ்வொரு பாடம் முடியவும் தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம்.

5. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைல். ரிப்போர்ட்டுகள் திகதிப்படி. மாத்திரைப் பெயர்கள் எழுதி. எங்கே வளர்ந்தது, என்ன தண்ணீர் குடித்தது முதல் பக்கத்தில். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

முதல் நான்குக்கும் பணம் எங்கே என்று கேட்பவர்கள், கடைசியாகப் போன கலியாணத்தின் மண்டபக் கூலியை நினைத்துப் பார்க்கவும். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

எங்களில் சிலருக்குக் கடைசிவரை பெயர் கிடைக்காமல் போகலாம். எல்லாப் பரிசோதனையும் செய்து, எல்லாக் கிளினிக்கும் ஏறி இறங்கி, "தெரியவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்போம்" என்று ஒரு நல்ல டொக்டர் சொல்வார். அதை நாங்கள் ஏற்றுக்கொள்வோம். நேர்மையான "தெரியவில்லை"யோடு வாழலாம். தேடிப் பார்க்காமல் சொல்கிற "ஒன்றுமில்லை"யோடுதான் வாழ முடியாது.

உங்கள் வீட்டில் யாராவது நாரியில் கையை வைத்துக்கொண்டு குசினியில் நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் மருந்து சொல்ல வேண்டாம். எப்போதிருந்து நோகிறது என்று கேளுங்கள், பதில் முடியும்வரை இருங்கள், பிறகு நாளைக் குறித்துக் கூட்டிப் போங்கள்.

பகிர்வதென்றால் முழுவதையும் பகிரவும். வெட்டி ஒட்டி "யாழ்ப்பாணத் தண்ணி குடித்தால் கிட்னி போகும்" என்று வட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை.

வஸ்ஸலாம்.